இஸ்திரிக்காரர் வீட்டு ரோஜாக்கள்

என் கணவர் துணி தேய்ப்பவர். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய கடை. போர்ட் கொச்சியில் வெளுத்து உலர்த்திய துணிகள் மூட்டையாக வந்து இறங்கும். லாட்ஜ் படுக்கை விரிப்பு, வக்கீல்களின் வெள்ளைச் சட்டை, சரிகைக் கரை போட்ட கசவு முண்டு என்று எது வந்தாலும் ஒரு சுருக்கம் இல்லாமல் வெளியே போகும். சுருக்கத்தைக் கண்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. கல்யாணத்தன்று என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சேலை மடிப்பைப் பார்த்தவர். அதை வெட்கமில்லாமல் எல்லோரிடமும் பெருமையாக வேறு சொல்வார்.

அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் நான் பட்டு ரிப்பனில் பூத்தையல் தொடங்கினேன். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றதுதான். சாதாரண நூல் தையல் துணியோடு படிந்து கிடக்கும். ரிப்பன் பூ அப்படியல்ல, துணிக்கு மேலே எழும்பி நிற்கும். ரோஜாவுக்கு முதலில் சக்கரத்தின் ஆரங்கள் போல ஐந்து நூல் கோடுகள் போட வேண்டும். பிறகு நடுவிலிருந்து ரிப்பனை ஒரு கோட்டுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று சுற்றிச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். ரிப்பன் அங்கங்கே தானாக முறுக்கிக்கொள்ளும், அதுவே இதழ். இறுக்கி இழுத்தால் போச்சு, ரோஜா பொத்தானாகிவிடும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். கோபத்தோடு தைத்த நாட்களில் எல்லாம் பொத்தான்தான் பூத்தது. மீன்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தால் அன்று ஊசியைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டேன்.

ஒரு தலையணை உறையில் ரோஜாவும் இரண்டு இலையும் வைத்து முன்னறையில் போட்டிருந்தேன். துணி வாங்க வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். பள்ளுருத்திக்காரி, திருப்பூணித்துறையில் டீச்சர். அவளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள்.

"சேச்சி, எனிக்கு பிளவுஸில இதுபோல செஞ்சு தருமோ?" என்றாள்.

அவள் அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. எர்ணாகுளத்தில் பெரிய கடைகள் இருக்கும்போது தேய்க்கிற வீட்டில் யாராவது நிச்சய பிளவுஸைக் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறார். மகள் ஒற்றைக்காலில் நின்று சம்மதிக்க வைத்தாள். இதையும் அவளே சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தெருவில் நான் இத்தனை வருஷமும் 'தேய்ப்புக்காரர் வீட்டம்மா'. என் கையால் ஆன ஒரு பொருளை ஒருவர் கேட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா மூக்கைச் சுளித்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

சந்தன நிறப் பட்டு பிளவுஸ். முதுகுக் கழுத்தைச் சுற்றி ரோஜா மாலை, கைகளின் ஓரத்தில் மொட்டுகள். யாரோடும் சண்டை போடாமல் தைத்தேன், நம்பினால் நம்புங்கள். கடைசி இலையை முடித்தபோது ரோஜாக்கள் அப்போதுதான் பறித்தவை போல நின்றன. பிளவுஸை ஹாங்கரில் மாட்டி, முன்னறை ஜன்னலில் தொங்கவிட்டேன். மதியத்துக்கு மேல் தாயும் மகளும் வருவதாகப் பேச்சு. சாயங்காலம் நிச்சயம். நான் நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் பிளவுஸை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா பாரு, எப்படி இருக்கு? இடுப்புப் பக்கம் கசங்கிக் கெடந்துச்சு. மொத்தமா ஒரு இழுப்பு இழுத்துட்டேன். சும்மா பப்படம் மாதிரி ஆயிடுச்சு."

பப்படமேதான். என் ரோஜாக்கள் அத்தனையும் துணியோடு துணியாக ஒட்டிக் கிடந்தன. யாரோ ரோஜாவைப் படம் வரைந்து பாதி அழித்த மாதிரி.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் யாருக்கும் கேட்டிருக்காது. "பூவ யாராச்சும் தேய்ப்பாங்களா? உங்களுக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? கண்ணுல படற எல்லாத்தையும் தேய்ச்சு வச்சா எப்படி? நாளைக்கு இட்லியையும் தேய்ப்பீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு உதவி செய்ததாகத்தான் அவர் அதுவரை நினைத்திருந்தார், பாவம். அது தெரிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பிளவுஸை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் பக்கத்தில் குந்தி, அமுங்கிய ஒரு ரோஜாவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "வெல்வெட்டு அமுங்கிப்போனா ஆவி காட்டி எழுப்புவோம். இதுக்கும் கேக்குமான்னு தெரியல," என்றார் மெதுவாக.

மின் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, குத்தாக நிறுத்தி, அதன்மேல் ஈரத் துண்டைப் போர்த்தினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பிளவுஸின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன். ஆவி படப் படப் பட்டு இளகியது. ஊசியின் காதுப் பக்கத்தைக் கொடுத்து ஒவ்வொரு இதழாக நெம்பினேன். முதல் ரோஜா சோம்பேறித்தனமாக ஒரு பக்கம் மட்டும் எழுந்தது. அடுத்தது முழுசாகவே எழுந்தது. "ஏய், வருது, வருது!" என்று அவர் குதித்த குதியில் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டால் எப்படி?

ஒரே ஒரு ரோஜா கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அதைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தைத்தேன். முடிக்கவும் வாசலில் ஸ்கூட்டர் நிற்கவும் சரியாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். பூக்களுக்குக் கீழே, நான் இறுக்கிப் பிடித்திருந்த இடமெல்லாம் கசங்கிக் கிடந்தது. அவரும் பார்த்துவிட்டார். கை தானாக இஸ்திரிப் பெட்டிக்குப் போனது. பூக்களில் இன்னும் ஈரம் காயவில்லை, பக்கத்தில் பாரம் பட்டாலே மறுபடி அமுங்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

மகள் பிளவுஸை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்து, "அய்யோ, அடிபொளி!" என்று கூவினாள். அம்மா ஒரு ரோஜாவை விரலால் மெல்ல அமுக்கினார். விரலை எடுத்ததும் இதழ் எழுந்து நின்றது. அவர் புருவமும் கூடவே எழுந்தது. அப்புறம் துணியைத் திருப்பிக் கீழே பார்த்தார்.

"இதென்தா ஒரு சுளிவு? இவிட தேப்புப்பெட்டி இல்லே?"

மேஜைமேல் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் இருந்தன. சுவரோரம் தேய்த்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகள். இந்த வீட்டில் வந்து அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் காது சூடாகிவிட்டது. என் அவசரத்தில் கசங்கியது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முன்னால் வந்தார்.

"பெட்டி இருக்கு சேச்சி. நான்தான் வைக்கல. பூவுக்குப் பக்கத்துல வைக்கப்பாடில்ல, அமுங்கிடும். சுளிவு கெடந்தா கெடக்கட்டும், பூ நிக்கணும்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளிடம், "செரி, மடக்காம பிடிச்சோ," என்றார்.

ஸ்கூட்டர் சந்து திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் பிளவுஸ் ஹாங்கரோடு ஆடிக்கொண்டே போனது, என் ரோஜாக்களும் அவருடைய சுருக்கமும். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"சாயா போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் பார்ப்பாங்க, இல்ல?" என்றார் திரும்பாமலே.

"பூவையா?"

"சுருக்கத்த."

"பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்," என்றார்.