இடது தோளில் ஒரு கோடு

“உங்க ஊருப் பக்கம், கண்ணை மூடிக்கிட்டு, சம்மணம் போட்டு, ஒத்தையில ஒரு கல்லுச்சாமி உக்காந்திருக்கா அப்பு?”

நத்தம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்காய வியாபாரியிடம் அழகர் கேட்டுக்கொண்டிருந்தார். வியாபாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, ஒரு முடிகூட மிச்சமில்லாமல் மழித்த முகம், மடியில் மஞ்சள் பை. ஆள் கிறுக்கனாகவும் தெரியவில்லை. “எங்க ஊர்ல எல்லாச் சாமியும் கண்ணைத் தொறந்துதேன் இருக்கு. மூடிட்டா எங்களை யாரு பாக்குறது?” என்றார். அழகர் அதையும் ஒரு தகவலாக ஏற்றுக்கொண்டு தலையாட்டினார்.

கண்டக்டர் சேக் பரீதுக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். “அண்ணே, வரும்போது அவரையும் கூட்டியாரீகளா? இப்பவே ரெண்டு பேருக்கும் சேத்துச் சீட்டுக் கிழிச்சிரவா?” என்று கேட்பார். அழகர் கோபித்துக்கொள்வதே இல்லை. சேக் பரீது தான் போய்வரும் ஊர்களில் எல்லாம் விசாரித்துச் சொல்கிறவர் என்பது அவருக்குத் தெரியும்.

திண்டுக்கல் நாகல்நகரில் அழகருக்கு ஒரு சலூன் இருக்கிறது. ஒற்றை நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடி, காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பின் நாற்றம். செவ்வாய்க்கிழமை அந்த ஊரில் எவனும் கத்திக்கு முகம் கொடுக்க மாட்டான். மற்ற சலூன்காரர்கள் அன்றைக்குத் தூங்குவார்கள், அல்லது பெண்டாட்டியோடு மேட்டினி பார்க்கப் போவார்கள். அழகர் விடிந்ததும் குளித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். எந்த பஸ் முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறிக்கொள்வார். கடைசி பஸ்ஸுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் கணக்கு.

“மத்தவுக வீட்டுல செவ்வாக்கெழமைன்னா சினிமா. எனக்குத் தூக்குச்சட்டியில புளிச்சோறு கட்டுற பொழப்பு” என்று அலுத்துக்கொள்வாள் அவர் பெண்டாட்டி மாயம்மாள். “ஊரூரா அலைஞ்சு கல்லைப் பாக்குற மனுசன், வாரப்போ ஒரு அம்மிக்கல்லாச்சும் தூக்கியாரக் கூடாதா?” சொல்லிக்கொண்டே சோற்றின் மேல் வறுத்த மோர்மிளகாயை வைத்து மூடுவாள். மஞ்சள் பையில் அந்தத் தூக்குச்சட்டியோடு ஒரு பாட்டில் தண்ணீரும், மயிர் தேய்ந்து கட்டையான பழைய சவரப் பிரஷ் ஒன்றும் இருக்கும். முகத்துக்கு உதவாமல் போன பிரஷ், கல்லில் படிந்த மண்ணைத் தட்ட நன்றாகவே உதவுகிறது.

இந்தப் பைத்தியம் பிடித்தது, புத்தருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஆண்டு என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷத்தில். சரித்திர வாத்தியார் சவரிமுத்து பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அதில் புத்தர் படம். அழகரின் கண் போனது தலைக்கு. “இம்புட்டுச் சுருட்டையா? இதுல சீப்பு எறங்காதே சார்” என்றார். வாத்தியார் சிரித்தார். பிறகு, அந்தப் புத்தருக்கு நாவிதர் ஒருவர் சீடராக இருந்த கதையைச் சொன்னார். உபாலி என்று பெயர். அரண்மனையில் முடி வெட்டியவர். ராஜகுமாரர்கள் கூட்டமாகத் துறவு வாங்கப் போனபோது, “முதல்ல இவரைச் சேத்துக்கங்க. நாங்க இவர் கால்ல விழுந்துட்டு அப்புறம் சேருறோம். அப்பத்தான் எங்க திமிர் அடங்கும்” என்று சொன்னார்களாம்.

கத்தி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அழகரின் அப்பா கிராமத்தில் சவரத்துக்குப் போனால் கொல்லைப்புறமாகப் போய் நின்று இருமுவார். வாசல் வழியே அவர் நுழைந்து அழகர் பார்த்ததில்லை. “நெசமாவா சார்?” என்று கேட்டார். “புஸ்தகத்துல இருக்கு” என்றார் வாத்தியார். “நம்ம பக்கம் அவரு வந்திருக்காரா?” “அவர் வரலை. அவர் வழி வந்தவங்க இருந்திருப்பாங்க. ஏதாவது வயக்காட்டுல சிலைகூடக் கிடக்கலாம்.” வாத்தியார் பேச்சுவாக்கில் சொன்னதுதான். அழகருக்கு அது போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள். ஆயக்குடிக்குப் போய் ஒரு துண்டு நிறையக் கொய்யாப்பழத்தோடு திரும்பினார். மாயம்மாள் மனம்விட்டு மெச்சிய பயணம் அது ஒன்றுதான். இன்னொரு பக்கம், “ஏனுங்க, அது எங்க ஐயனாருங்க. குதிரை ஒடஞ்சு போனதால கீழ உக்காந்திருக்காருங்க” என்று அனுப்பிவைத்தார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் சிலையைக் காட்டுவதற்கு முன்னால் “நீ என்ன ஆளுக?” என்று விசாரிப்பார்கள். “திண்டுக்கல்லு. கடை வச்சிருக்கேன்” என்பார். அதில் பொய் ஏதுமில்லை. என்றாலும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்.

ஒருமுறை வாத்தியாரையே கூட்டிக்கொண்டு போய் அசடு வழிந்ததும் உண்டு. நெய்க்காரப்பட்டிக்கு அப்பால் ஒரு கரட்டில் கண்மூடி அமர்ந்த சிலையைக் கண்டுவிட்டுத் தலைகால் புரியாமல் ஓடிவந்திருந்தார். வாத்தியார் வியர்க்க வியர்க்க ஏறிப் பார்த்தார். “அழகரு, இவர் சமணர்களோட தீர்த்தங்கரர்ப்பா. தலைக்கு மேல மூணு குடை பாரு. உடம்புல துணி இல்லை. புத்தர்னா துறவிங்க போர்த்துற துவராடை இருக்கும். வலது தோள் திறந்திருக்கும், இடது தோளை மூடி நெஞ்சுக்குக் குறுக்கே துணியோட ஓரம் ஒரு கோடாத் தெரியும்” என்று பொறுமையாக விளக்கினார். சலூனுக்கு வருகிறவர்கள் விடவில்லை. “என்ன அழகரு, சாமிக்குச் சட்டை தச்சாச்சா?” என்று மாதக்கணக்கில் கேட்டார்கள். அழகர் கத்தியை வாரில் தீட்டுவார். அதற்குப் பிறகு எந்தச் சிலையைக் கண்டாலும் அவர் விரல்கள் முதலில் தேடுவது இடது தோளைத்தான்.

போன தை மாதத்தில் அது கிடைத்தது. நத்தம் பஸ்ஸில் கண் அயர்ந்து, சாணார்பட்டி தாண்டி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் செவல்குளம் விலக்கில் இறங்கினார். ரோட்டோரப் புங்கமரத்தடியில், கத்தரித் தோட்டத்து வரப்பை ஒட்டி, இடுப்பளவு மண்ணில் புதைந்து அந்தக் கல்லுச்சாமி உட்கார்ந்திருந்தார். மூக்கு போயிருந்தது. தலை முழுசாக இருந்தது. சின்னச் சின்னச் சுருளாக வலப்பக்கம் சுழித்த முடி. முப்பது வருஷம் முடியைத் தொட்டுப் பிழைத்தவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பிரஷ்ஷால் இடது தோளைத் தட்டினார். மண் உதிர்ந்ததும் துணியின் ஓரம் கோடாக எழுந்து வந்தது. அழகர் வரப்பில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

தோட்டத்துக்காரி பேச்சாயி களைக்கொத்தோடு வந்தாள். அம்மை வந்து பிழைத்த தழும்பு முகம். “எங்க அம்மைதாங்கி சாமிண்ணே. தலையைப் பாத்தீகளா? அம்புட்டும் முத்து. ஊருக்கு வார முத்தையெல்லாம் இவுகளே தலையில வாங்கிக்கிட்டாக. நான் பொழச்சதே இவுகளாலதேன்” என்றாள். அது முத்தில்லை தாயி, முடி என்று சொல்ல அழகர் வாயெடுத்தார். அவள் சிலையின் தலையைத் தடவிய விதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார்.

வாத்தியார் உடனே நம்பவில்லை. ஒருமுறை கரடு ஏறி இறங்கிய கால் அவருடையது. பரீட்சை எல்லாம் முடிந்து, திருநெல்வேலிக்கு மாற்றல் உத்தரவும் வந்து, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் அவரால் புறப்பட முடிந்தது. பஸ்ஸில் அவரே உற்சாகமாகிவிட்டார். “கோடு மட்டும் இருக்கட்டும்ப்பா, இன்னைக்கே மெட்ராஸ் மியூசியத்துக்கு எழுதிடுறேன். கொண்டுபோய் வைப்பாங்க. கீழே பலகையில ‘கண்டெடுத்தவர்: அழகர், திண்டுக்கல்’னு உன் பேரைப் போடச் சொல்றேன்” என்றார்.

“அப்ப இங்கன இருக்காதா சார்?”

“இங்கே கிடந்தா வெயில்லயும் மழையிலயும் வீணாப் போயிடுமே.”

அழகருக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு பலகை நினைப்பு வந்துவிட்டது. அவர் வம்சத்தில் பெயரை எழுதி மாட்டியது சலூன் போர்டில் மட்டும்தான். சேக் பரீதைக் கூப்பிட்டு, “மெட்ராஸ்ல பேரு போடுவாகளாம்” என்று சொன்னார். சேக் பரீது முதல்முறையாகக் கேலி செய்யவில்லை. “சந்தோசம்ண்ணே” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

புங்கமரத்தடியில் போய்ப் பார்த்தால் சிலையைக் காணவில்லை என்றே சொல்ல வேண்டும். தலையிலிருந்து இடுப்புவரை அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் அப்பியிருந்தது. செவல்குளத்தில் அம்மை. பேச்சாயியின் மகள் அய்யம்மாள், ஏழெட்டு வயசுப் பிள்ளை, எதிர்க் குடிசையில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து முனகுகிற சத்தம் ரோடுவரை கேட்டது. வாத்தியார் துடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பேச்சாயி பதறிவிட்டாள். “வேண்டாம்யா. புள்ளைக்கு அம்மை எறங்கி மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் தொடைக்கக் கூடாது. இங்கன தொடைச்சா அங்கன முத்து திரும்பிரும்.” சொல்லிவிட்டு அவசரமாகக் குடிசைக்குள் போனாள்.

வாத்தியார் நல்ல மனிதர். வற்புறுத்தவில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, “ஒரு விரலகலம் தெரிஞ்சாப் போதும் அழகரு. நான் மறுபடி எப்ப வரப்போறேன்?” என்றார்.

அழகர் இடப்பக்கமாகப் போய்க் குனிந்தார். வெயிலில் காய்ந்து தோளில் மட்டும் பூச்சு வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கோட்டின் ஒரு நுனி தெரிந்தது. பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டினால் பொருக்கு தானாக உதிர்ந்துவிடும். துடைத்தது என்றுகூட யாரும் சொல்ல முடியாது. சட்டை தச்சாச்சா என்று கேட்ட அத்தனை வாயும் அடைத்துப்போகும். அவர் பைக்குள் கைவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தார்.

பேச்சாயி ஒரு சிரட்டை நிறையப் புதிதாக அரைத்த பச்சை விழுதோடு வெளியே வந்தாள். பின்னாலேயே உள்ளிருந்து பிள்ளை “யாத்தா” என்று வீறிட்டது. அவள் பாதி வழியில் நின்று அழகரைப் பார்த்தாள். “அண்ணே, காஞ்ச எடத்துல இதைச் செத்த பூசி விடுங்களேன். புள்ள என்னைய விடமாட்டேங்குது.”

அழகர் கை நீட்டவில்லை. அம்மை கண்ட வீட்டுப் பக்கம் சவரக்காரன் தலைகாட்டக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்த சட்டம். இத்தனை வருஷம் இத்தனை ஊரில் தரையைப் பார்த்துக்கொண்டு விழுங்கிய வார்த்தையை, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “தாயி, நான் செரைக்கிற தொழில் பாக்குறவன். நான் தொடலாமா?”

பேச்சாயிக்கு அதை யோசிக்க நேரமில்லை. “தலையெல்லாம் முத்தோட உக்காந்திருக்காக. அவுகளா ஆளு பாக்கப் போறாக? பூசுங்கண்ணே” என்று சிரட்டையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

“கோடு தெரியுதாப்பா?” மறுபக்கம் நின்று, மூக்குக்கண்ணாடியை வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டார் வாத்தியார்.

அழகர் பிரஷ்ஷைப் பையில் போட்டார். விழுதை உள்ளங்கை நிறைய வழித்தெடுத்து, முதல் சவரத்துக்கு உட்காருகிற பையனின் கன்னத்தில் சோப்பு நுரை தடவுகிற பக்குவத்தோடு, முதலில் அந்த இடது தோளில் கனமாகப் பூசினார்.