கண்ணாடிக்குப் பதிலாக வந்த அளவுச்சாடி

திருமணமாகி இரண்டாம் ஆண்டும் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை, நான் மட்டக்களப்பு வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயன ஆசிரியை. அவர் இருக்கும் ஊருக்கே இடமாற்றம் கிடைத்துவிட்டது. ஆனால் பள்ளி அதிபர் விடுவித்தால்தான் போகலாம். "ஆய்வுகூடத்த ஒருக்காச் சரிபண்ணித் தந்திட்டுப் போங்க பிள்ளை" என்பார் அந்த அம்மா. யன்னலைத் திறந்தால் வாவி. அக்கரை தெரிந்தும் இக்கரையிலேயே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக வாங்க மிஞ்சியவை அளவுச்சாடிகள். கண்ணாடிச் சாடிகள் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றிருந்த காலம். இருந்தவற்றைப் பிள்ளைகள் உடைத்து முடித்திருந்தார்கள். காத்தான்குடி வியாபாரி ஒருவர் பிளாஸ்ரிக்கில் இரண்டு வகை கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று கண்ணாடி போலப் பளபளத்தது, அளவுக்கோடுகள் கறுப்பில் அச்சடித்தவை. மற்றது கஞ்சி நிறம். கோடுகள் சாடியோடு சேர்ந்தே புடைத்திருந்தன.

"விழுந்தாலும் உடையாது ரீச்சர், போட்டுப் பாருங்க" என்று கஞ்சி நிறத்தைக் காட்டினார்.

அதிபருக்கோ பளபளப்பில்தான் கண். "இன்ஸ்பெக்டர் வந்தா இதுதான் வடிவு" என்றார்.

தலையாட்டியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறியிருக்கலாம். என் குணம் விட்டால்தானே. எங்கள் ஆய்வுகூடத்தில் சாடிகளையும் வீட்டுப் பாத்திரம் போலச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். இரண்டையும் அப்படியே தேய்த்தேன். பளபளத்ததின் கோடுகள் கையோடு வந்தன. பிறகு இரண்டிலும் நகப்பூச்சைக் கரைக்கும் அசற்றோனை ஊற்றி வைத்துவிட்டுப் பாடத்துக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அழகி புகைமூடி, அடி இளகிப்போய் நின்றாள். கஞ்சி நிறத்துக்கு ஒரு கேடும் இல்லை. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்மட்டம் தெரியும் என்றும், கண்ணாடியில் போல நடுவில் குழியாமல் தண்ணீர் இதில் மட்டமாக நிற்கும் என்றும் அதிபருக்குக் காட்டினேன்.

அவர் சாடியை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் மனம் அப்போதே பஸ் நிலையத்தில் நின்றது.

"இவ்வளவு தெரிஞ்ச உங்கள விட்டுட்டு நான் ஆரப் பிடிக்கிற? இந்தப் பிள்ளையள் சோதனை எழுதி முடியட்டும். அடுத்த வருசம் பார்ப்பம்."

"ஓம் மிஸ்" என்றேன். கெட்டிக்காரத்தனம் காட்டப்போய் என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன்.

அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். பிள்ளைகள் கஞ்சிச் சாடிகளைச் சீமெந்துத் தரையில் எத்தனையோ தரம் போட்டார்கள். வியாபாரி பொய் சொல்லவில்லை. மாலையில் அவற்றைக் கழுவி யன்னலோரம் கவிழ்க்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றாவது வெடித்திருந்தால், தெரிந்தெடுத்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்று என்னை விட்டுவிட மாட்டாரா?