வீட்டிலேயே மாட்டிய கையுறை

தீக்காய வார்டின் வாசலில் இருந்த நர்ஸ், வருகிறவர்களின் கைகளைப் பார்த்த பிறகுதான் பேசுவார். கழுவிக் கழுவி அவருடைய விரல்களே வெடித்துப் போயிருந்தன.

உள்ளே என் மனைவி, கேஸ் அடுப்புத் தீயில் முதுகு வெந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக் கிருமி புண்ணில் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடனே இந்த மாவீரன், அதாவது நான், ஒரு பெட்டி கையுறை வாங்கி, இரண்டு நாளாக வலியசாலையில் இருக்கும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோக் கம்பியைப் பிடித்தது, லிஃப்ட் பட்டனை அமுக்கியது, மூக்கைச் சொறிந்தது, கேன்டீனில் பழம்பொரி தின்றது எல்லாம் அந்தக் கையோடுதான்.

“சிஸ்டர், நான் ரெடி!” என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

“சாரே, இது எப்போ போட்டது?”

“காலையிலேயே, வீட்டுல வச்சு.”

“என்டெ தெய்வமே! அப்போ இது ஆரைக் காக்குது? உங்களையோ, அவங்களையோ?”

அப்போதுதான் நேற்று செய்த காரியம் எனக்கு உறைத்தது.

“நேத்து நீங்க லீவு, சிஸ்டர். அவ முதுகுல கட்டு விலகியிருந்துது. இப்படியே வந்து நான்தான் சரி பண்ணினேன்.”

அவர் திட்டவில்லை. என் கையுறைகளை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டபடி உள்ளே ஓடினார்.

மனைவி பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த நர்ஸ் அன்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால், நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.