சேலையூரிலிருந்து மலாவிக்கு ஓர் இணைப்பு

எங்கள் சேலையூர் குடியிருப்பில் எதிர்வீட்டு அக்கா ஒரு நர்ஸ். இங்கே நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றில் இருக்கும் சிறிய பிரசவ மருத்துவமனைக்குப் போனார். போன முறை விடுமுறையில் வந்தபோது, அந்த ஊரைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியைத் தர முடியுமா என்று குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கேட்டார்.

சங்கச் செயலாளர் ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுவார்.

“ஏம்மா, மழை வந்தா நம்ம தெருவுலயே முழங்கால் தண்ணி. இங்க இல்லாத கஷ்டமா? அங்க போய் எதுக்கு?”

எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அக்கா சிரித்தார்.

“வெள்ளத்துல நமக்குச் சோறு கொண்டுவந்தவங்க யாரும் இந்தத் தெருக்காரங்க இல்லையே சார். ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. பேச்சு பிடிக்கலைன்னா சாப்பிட்டுக் கிளம்பிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சாப்பாட்டுக்காக அக்காவுக்கு மக்காச்சோள மாவைக் கிண்டிக்கொடுத்ததில் என் கை விட்டுப்போனது. தட்டில் விழுந்ததும், “இது நம்ம களிதான்!” என்று பெண்கள் சிரித்தார்கள். தொட்டுக்கொள்ளக் கீரையும் நெத்திலிக் கருவாடும். எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களைக் காட்டுவார் என்று நினைத்திருந்தேன். அக்கா அப்படி எதையும் காட்டவில்லை. தன்னோடு வேலை செய்யும் மலாவி நர்ஸை வீடியோ காலில் அழைத்து, அவர் சொல்வதைத் தமிழில் சொன்னார். நம் பெண்கள் அவருடைய பிள்ளைகளைப் பற்றி, மாமியாரைப் பற்றியெல்லாம் விசாரித்தார்கள்.

பேச்சு பிரசவத்துக்கு வந்தது. அங்கே கர்ப்பிணிகளை சைக்கிளுக்குப் பின்னால் கட்டிய ஒரு கட்டில் வண்டியில்தான் அழைத்துவருவார்களாம். குண்டும் குழியுமான பாதையில் சைக்கிளையும் வண்டியையும் சேர்க்கும் இணைப்பு முறிந்துவிடும். கடைசியாக முறிந்தபோது ஒரு பெண்ணுக்கு வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றார் அந்த நர்ஸ்.

கை கழுவிவிட்டுக் கிளம்பியிருந்த செயலாளர் திரும்பி வந்தார்.

“அந்த ஜாயின்ட்டைக் கிட்டக் காட்டச் சொல்லும்மா.”

நர்ஸ் போனை வண்டிக்கு அருகில் கொண்டுபோனார்.

“அசையவே விடாம வெல்டு வெச்சிருக்காங்க. மேடு பள்ளத்துல ஒடையத்தான் செய்யும். அந்த ஊர்ல பழைய டயர் கெடைக்குமா?”

கிடைக்கும் என்று பதில் வந்தது.

மறுநாளே அவர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய, டயர் ரப்பர் வைத்த இணைப்பு ஒன்று உருவானது. முதலில் செய்தது சரியாக வரவில்லை. இரண்டாவதை அக்கா தன் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப்போனார்.

அங்கே மழைக்காலம் தொடங்கியபின் ஒரு வீடியோ வந்தது. சேற்றுப் பாதையில் அந்த வண்டி ஆடி ஆடிப் போகிறது. அதில் ஒரு தாய் கைக்குழந்தையோடு வீடு திரும்புகிறாள். செயலாளர் அதைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

இப்போது அந்த ஊர் வெல்டரே இணைப்பைச் செய்து பக்கத்துக் கிராமங்களுக்கும் கொடுக்கிறார். அவருக்கும் செயலாளருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் போனில் பாகத்தைத் தூக்கிக் காட்டி, கைஜாடையில் சண்டை போடுகிறார்கள். “அவங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்கே தெரியல, விட்டுட்டேன்” என்கிறார் அக்கா. யாரிடமும் அவர் எதையும் கொடு என்று கேட்டதில்லை. ஒரு வேளை சாப்பாடு போட்டு, அந்த ஊர் மனுஷியை எங்களோடு பேசவைத்தார். இன்று வரை எனக்கு அது பெரிய காரியமாகத்தான் தெரிகிறது.