வண்டு ஊரும் தவிடு

திருவனந்தபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில், கோதுமைத் தவிடு போட்டு, தின்பதற்கான மாவுப்புழுக்களை வளர்க்கிறேன். வறுத்தால் வேர்க்கடலை மாதிரி இருக்கும். ஒருமுறை ஆரியசாலைச் சந்தையில் தவிடு விற்கும் கடைக்காரர், "அக்கா, இதுல ஒரு வண்டு காணிச்சா சாக்கே சும்மா கொண்டு போங்க" என்றார். சுத்தமான சரக்கு என்று வாங்கிவந்தேன். நல்லவேளையாக அன்று ஒரு தட்டில் மட்டுமே போட்டேன். மறுநாள் அந்தத் தட்டில் ஒரு புழுவும் அசையவில்லை. கடைக்கு ஓடினேன்.

"வண்டு வராதிருக்க மருந்து போட்டதாக்கும்!" என்றார் பெருமையாக.

நான் வளர்ப்பதும் வண்டின் புழுக்களைத்தானே! செத்த புழுக்களையும் அந்தத் தவிட்டையும் குழிதோண்டிப் புதைத்தேன்.

இப்போது வண்டு ஊரும் தவிட்டைத்தான் கேட்டு வாங்குகிறேன். அந்த வண்டுகள் என் தட்டில் பெருகாதிருக்க, அதை நன்றாக வறுத்து ஆறவைத்த பிறகே தட்டில் போடுகிறேன். வண்டு ஊரும் சாக்கு வந்தால் கடைக்காரரே போன் செய்கிறார்: "அக்கா, உங்க சரக்கு நடந்து வருது!"