கம்பெனி வச்சபடி

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் குழந்தைவேலு பிழை திருத்துபவராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாண வீட்டு வாசலில் 'நல்வரவு' என்பதை வல்லின றகரம் போட்டு எழுதியிருந்தார்கள். அவர் பந்தியில் உட்காராமல், அதை எழுதிய பெயிண்டரைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தார்.

அப்படிப்பட்டவர் கைக்கு 1969ல் ஒரு கார் வந்து சேர்ந்தது.

அது உமையாள் ஆச்சி வீட்டுக் கார். 1936ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. ஆச்சியின் மாமனார் வாங்கியது. பிள்ளைகள் பினாங்குக்கும் சென்னைக்கும் போய்விட்ட பிறகு கொட்டகையில் நின்றது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. பழைய இரும்புக்காரன் வந்து கேட்ட விலையையே குழந்தைவேலுவும் கேட்டார். "உடைக்கிறவன்ட குடுக்கிறதுக்கு ஓட்டுறவருக்குக் குடுக்கலாம்" என்று ஆச்சி கொடுத்துவிட்டார். கோழிக்கு மட்டும் குஞ்சு பொரிக்கும்வரை அவகாசம் கேட்டார்.

குழந்தைவேலு காரை ஓட்டுவதற்கு முன்னால் படிக்க ஆரம்பித்தார். இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டு, அந்தக் காரோடு கம்பெனி கொடுத்த கையேட்டை வரவழைத்தார். அதிலேயே இரண்டு அச்சுப்பிழைகளைக் கண்டுபிடித்தபோது கம்பெனி மேலிருந்த நம்பிக்கை ஒருநாள் முழுக்க ஆட்டம் கண்டது. மறுநாள் தேறிக்கொண்டார். கையேட்டில் உள்ள எதுவும் காரில் இல்லாமல் இருக்கக் கூடாது, கையேட்டில் இல்லாத எதுவும் காரில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

காரிலோ கையேட்டில் இல்லாதவைதான் அதிகம். யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்காகக் கிளிப்பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். பின்னால் ஒரு தேக்குப்பெட்டி. ஏறுவதற்கு அகலமாக ஒரு மரப்படி. வெயிலுக்குச் சூடேறாமல் இருக்க, பழைய டிரைவர் ரேடியேட்டரோடு சேர்த்துப் பொருத்தியிருந்த கூடுதல் தண்ணீர்த் தொட்டி. பெட்டியையும் படியையும் செய்தவர் ஆசைத்தம்பி ஆசாரி. அவற்றைக் கழற்றவும் அவரைத்தான் கூப்பிட்டார் குழந்தைவேலு.

"நான் அடிச்ச ஆணிய நானே புடுங்கணுமாண்ணே?"

"வேலையில குறை இல்ல ஆசைத்தம்பி. ஆனா கம்பெனி வைக்கலயே."

"கம்பெனிக்கு ஆசாரி கிடைச்சிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுக் கழற்றினார் ஆசைத்தம்பி. பெட்டியை அவரே வீட்டுக்குக் கொண்டுபோய் உளுந்து கொட்டி வைத்துக்கொண்டார்.

மூன்று வருடம் இந்த வேலை நடந்தது. கிளிப்பச்சையைச் சுரண்டிக் கறுப்பு அடித்தார். ஒரு விளக்கின் கண்ணாடிக்காகக் கல்கத்தா வரை ஆள் பிடித்தார். கார் திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து கைபோல நீண்டு திசை காட்டும் சின்னக் கம்பிகள் இரண்டும் செத்துக் கிடந்தன. அவற்றுக்கும் உயிர் கொடுத்தார். வலதுபக்கக் கை ஒழுங்காக நீண்டது. இடதுபக்கக் கை பாதியில் நின்று யோசித்தது. அந்தப் பக்கம் உட்காரும் அவர் மனைவி வீரலட்சுமி, ஜன்னல் வழியாக அகப்பைக் காம்பை விட்டு அதை நெம்பிவிடுவாள்.

"இந்த அகப்பையும் கம்பெனியில குடுத்ததுதானா?" என்று அவள் கேட்பாள்.

"அது கார்ல ஒட்டியிருந்தாத்தான் தப்பு. கையில வச்சுக்கிட்டா தப்பில்ல" என்பார் அவர்.

கார் ஓட ஆரம்பித்த செய்தி கேட்டு உமையாள் ஆச்சி ஆள் அனுப்பினார். இளையாத்தங்குடிக் கோயிலுக்கு அதில் ஒருதரம் போய்வர வேண்டுமாம். குழந்தைவேலு வீரலட்சுமியையும் ஏற்றிக்கொண்டு, பெருமையாகக் காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினார். ஆச்சி வெளியே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கறுப்பா அடிச்சிட்டீகளே தம்பி. யாரு வீட்டுக் காரோன்னு நினைச்சேன்."

"கம்பெனியிலருந்து வந்தப்ப இதுதான் கலரு ஆச்சி. இப்பத்தான் உண்மையான கார்."

"பின்னால பெட்டி இருக்குமே?"

"அது கம்பெனி வச்சது இல்ல."

"ஆமா, எங்க மாமனார் வச்சது." ஆச்சி காலைத் தூக்கிப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "படியையும் எடுத்தாச்சாக்கும். கம்பெனிக்காரக இந்தக் காரைக் கப்பல் ஏத்துறவரைக்கும் வச்சிருந்தாக. நாங்க முப்பது வருசம் வச்சிருந்தோம். எங்க கார் பொய், அவுக கார் உண்மையா?"

வீரலட்சுமி ஆச்சி வீட்டுக்குள்ளிருந்து ஒரு முக்காலியைத் தூக்கி வந்து போட்டாள். ஆச்சி அதில் ஏறிக் காருக்குள் உட்கார்ந்தார். போகும் வழியெல்லாம் அவர் பேச்சில் குறையில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் அந்தப் பழைய கார் எப்படிப் போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தார், ஏதோ வேறு காரில் உட்கார்ந்திருப்பவர்போல.

1973 தை மாதம் மதுரையில் ஒரு மோட்டார் சங்கத்தார் பழைய கார்களுக்குப் போட்டி வைத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே எந்தக் கார் இருக்கிறதோ அதற்கு வெள்ளிக் கோப்பை. இதற்காகவே பிறந்தவர்போல் குழந்தைவேலு கிளம்பினார். புறப்படும்போது வீரலட்சுமி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க வைத்தாள். பிறகு பெருவிரலால் சந்தனமும் குங்குமமும் எடுத்து இன்ஜின் மூடியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

திருப்பத்தூர் தாண்டியதும் வெயில் ஏறியது. மேலூருக்கு முன்னால் காரின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்தில் கிணறு இல்லை, வீடும் இல்லை. தான் கழற்றிப்போட்ட அந்தத் தண்ணீர்த் தொட்டி ஏன் இருந்தது என்று குழந்தைவேலுவுக்கு அப்போது புரிந்தது. வீரலட்சுமி மடியில் வைத்திருந்த பித்தளைக் கூஜாவை நீட்டினாள். இருவரும் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் அது. காரை ஆறவிட்டு, முழுவதையும் ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள். மதுரை வரை அவள் தாகத்தோடும் அகப்பையோடும் வந்தாள். ஒவ்வொரு இடதுபக்கத் திருப்பத்திலும் அவள் கை வெளியே போய் வந்தது.

மைதானத்தில் நடுவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கையில் டார்ச் விளக்கு. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், சீட்டைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். குழந்தைவேலுவின் நெஞ்சு விரிந்துகொண்டே போனது.

கடைசியாக முன்னால் வந்து நின்றவர், "இது என்ன?" என்றார்.

அப்போதுதான் குழந்தைவேலுவும் பொட்டைப் பார்த்தார். வழியில் பட்ட புழுதியிலும் அது அழியவில்லை. விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"குங்குமம் சார்."

"ஃபாக்டரியில வச்சதில்லையே. துடைச்சிருங்க. கோப்பை உங்களுக்குத்தான்னு வச்சுக்குங்க."

குழந்தைவேலு கைக்குட்டையை எடுத்தார். வீரலட்சுமி சற்றுத் தள்ளி ஒரு வேப்பமர நிழலில், காலிக் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பிழை திருத்துகிறவர்கள் அடித்த சொல்லை மறுபடி வேண்டுமென்று நினைத்தால், அதற்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். 'அப்படியே இருக்கட்டும்' என்று அர்த்தம். தன் வாழ்நாளில் குழந்தைவேலு அந்தப் புள்ளிகளை அநேகமாக வைத்ததே இல்லை.

"இருக்கட்டும் சார்" என்றார்.

"உங்க இஷ்டம். மார்க் போயிரும்."

"கம்பெனியில எங்க வீட்டம்மா வேலை பார்க்கல சார். பார்த்திருந்தா அங்கேயே வச்சிருப்பா."

நடுவர் சிரித்துவிட்டார். ஆனாலும் மார்க்கைக் குறைத்தார். கோப்பை கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு சிவப்புக் காருக்குப் போனது. குழந்தைவேலு வீரலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கிளாஸ் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். "எதுக்குங்க ரெண்டு?" என்று கேட்டுக்கொண்டே அவள் இரண்டையும் குடித்தாள். கோப்பை போன காரணத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவள், "துடைச்சிருக்கலாம்ல. வீட்டுக்கு வந்து வேற வச்சிருப்பேன்" என்றாள்.

மறுவருடம் அதே சங்கத்தார் குழந்தைவேலுவையே நடுவர்களில் ஒருவராக அழைத்தார்கள். இவரைவிடக் கண்டிப்பானவர் கிடைக்க மாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். பஸ்ஸில் போனார். ஒரு காரின் கதவுக்கு உட்புறம் ஒரு குழந்தை ஆணியால் யானை கீறியிருந்தது. மற்ற நடுவர்கள் மார்க் குறைக்கச் சொன்னார்கள். இவர் அந்த யானைக்குத் தும்பிக்கை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி மார்க்கைக் கூட்டிப் போட்டார். பகல் முழுக்க அதற்காக வாக்குவாதம் நடந்தது.

அதற்கப்புறம் அவரை யாரும் அழைக்கவில்லை. அவருக்கும் நேரமில்லை. காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பெண்ணழைப்புக்கு அந்தக் கறுப்புக் காரைத்தான் கேட்டார்கள். காரைக் கொடுப்பதற்கு முன் அவர் ஒரே ஒரு நிபந்தனை போடுவார். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் தன்னிடம் காட்ட வேண்டும்.