தலைதட்டிய ஸ்பூன்

பால் பவுடர் டப்பாவோடு சண்டை போட்ட ஆள் கடலூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மகளுக்கு அப்போது நாலு மாதம். சமையல் மேடையில் டப்பாவை எதிரே வைத்துக்கொண்டு, "உன்ன நம்பித்தான வாங்குனேன்? என் புள்ள வயித்த ஏன் இந்தப் பாடு படுத்துற?" என்று கேட்டிருக்கிறேன். உள்ளேயிருந்து என் மனைவி, "டப்பா ஏதாவது பதில் சொன்னா என்னையும் கூப்புடுங்க" என்றாள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் முதல் மூன்று மாதமும் தாயும் பிள்ளையும் சிதம்பரத்தில் இருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு மனைவிக்கு உடம்பு முடியாமல் போய், தாய்ப்பால் பாதிக்குத்தான் கண்டது. மீதிக்குக் கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு பவுடர் டப்பாவை எழுதிக் கொடுத்தார். மாமியாருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. அதனால் பால் கலக்கும் பொறுப்பை மாமனார் எடுத்துக்கொண்டார். ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரிசியோ சர்க்கரையோ, அவர் கை ஒரு மணி கூட்டவும் கூட்டாது, குறைக்கவும் குறைக்காது. பிள்ளை நன்றாகக் குடித்தாள், தூங்கினாள், தினமும் ஒழுங்காக ஆய் போனாள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் திரும்பி வருவேன்.

மூன்று மாதம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "இனிமே பால் கலக்குறது என் டிபார்ட்மெண்ட். நீ கையே வைக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஆபீஸ் ஐந்து நிமிட நடை. மத்தியான பாட்டிலுக்குக்கூட ஓடி வந்துவிடுவேன். பாட்டிலை வெந்நீரில் போட்டு எடுப்பது, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவது, பவுடர் போட்டுக் குலுக்குவது எல்லாம் நானே.

பத்து நாளில் ஆரம்பித்தது. இரண்டு நாள், மூன்று நாள் ஆய் போகவில்லை. போனால் ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியாக, அதற்கும் முகம் சிவக்க முக்கி முக்கி அழுதாள். வயிறு கல்லாக இருந்தது. காலை மடக்கிக்கொண்டு வீறிடும்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடலூரில் நாங்கள் காட்டிய குழந்தை டாக்டர் அம்மா நிதானமானவர். "பால் எப்படிக் கலக்குறீங்க?" என்று முதலில் அதைத்தான் கேட்டார்.

"டப்பாவுல போட்டிருக்குற மாதிரிதான் மேடம். முப்பது மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்பூன்."

நான் பொய் சொல்லவில்லை. அவரும் நம்பினார். "கொஞ்ச நாள் பாப்போம், நீங்களா டப்பாவ மாத்தாதீங்க" என்று அனுப்பிவைத்தார். நான் கேட்கிற ஆளா? ஆபீஸில் ஒருவர் தன் மகனுக்கு ஒத்துக்கொண்டது என்று ஒரு டப்பாவின் பெயரைச் சொன்னார், அதை வாங்கினேன். அதுவும் சரிப்படவில்லை. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு மூன்றாவதாக வேறொரு வகை வாங்கினேன். டப்பாவில் இருந்த எழுத்தை எல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். மெடிக்கல் கடைக்காரர்தான் ஒரு நாள், "என்ன சார், டப்பா இவ்ளோ சீக்கிரம் காலியாவுது? பாப்பா நல்லாக் குடிக்குது போல" என்றார். "எங்க ஊரு புள்ள, குடிக்காம?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் மாமனார் போன் செய்தார். "மாப்ள, கோச்சிக்காதீங்க. இங்க இருந்த வரைக்கும் பாப்பா நல்லாத்தான இருந்துச்சி? அவுங்க ரெண்டு பேரையும் இங்க கொண்டாந்து வுடுங்க. ஒரு வயசு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஒரு வயசா! அவள் குப்புற விழுவது, தவழ்வது, முதல் பல், முதல் பேச்சு எல்லாவற்றையும் நான் செல்போனில் பார்க்க வேண்டுமா? "என் புள்ளய வளக்க எனக்குத் தெரியாதா மாமா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

என் மனைவி பிள்ளையின் வயிற்றைத் தடவிவிட்டாள். பிறகு, "உங்களுக்குத் தெரியும்ங்க. ஆனா புள்ளைக்கு வலிக்குதே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். பிள்ளையின் துணி முழுவதையும் மனைவி மூட்டை கட்டியிருந்தாள். என் மடியில் நாலாவது டப்பா. புதுச்சேரியிலிருந்து சொல்லி வரவழைத்தது. இதுவும் கைவிட்டால் நான் தனியாகத்தான் திரும்ப வேண்டும். பஸ்ஸில் பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். நான் வழி முழுக்க அந்த டப்பாவிடம் கெஞ்சிக்கொண்டே போனேன்.

மாமனார் என் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் குடித்த அதே வகை டப்பாவில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். வெந்நீரை ஆற்றி பாட்டிலில் ஊற்றினார். ஸ்பூனில் பவுடரை எடுத்து, ஒரு கத்தியின் முதுகால் மேலே ஒரு இழு இழுத்தார். கூடுதலாக இருந்த பவுடர் டப்பாவுக்குள்ளேயே விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் மாமா, பேத்திக்குக்கூடவா ரேஷன்?"

"ஏங்க!" என்று மனைவி பதறினாள். மாமனார் கோபித்துக்கொள்ளவில்லை. "தலதட்டித்தான் மாப்ள அளக்கணும். இல்லன்னா கடைசி கார்டுக்கு அரிசி இருக்காது. எனக்கு அதான் பழக்கம். சரி, நீங்க எப்டிப் போடுவீங்க?" என்று ஸ்பூனை நீட்டினார்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர், முந்திரிக்காடுதான் பிழைப்பு. வியாபாரிக்குக் கிலோ கணக்கு. சொந்தபந்தத்துக்குக் கொடுப்பது படியால்தான். படியைத் தலைதட்டிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தையே ஊர் ஏசும். கோபுரமாகக் குவிந்து, ஓரத்தில் சரிந்து விழ வேண்டும். அதன்மேல் ஒரு கை அள்ளிப் போட வேண்டும். என் கைக்கு வேறு அளவே தெரியாது.

வாங்கிய ஸ்பூனை டப்பாவுக்குள் அழுத்திக் குத்தி, குவியலாக எடுத்துக் காட்டினேன்.

"எல்லா ஸ்பூனும் இப்டியேவா?"

"பின்ன? கடைசில அர ஸ்பூன் ஜாஸ்தியாவும் போடுவேன்" என்றேன். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன்.

மாமனார் ஒரு பேப்பரை விரித்து, அவருடைய நாலு ஸ்பூனை ஒரு பக்கம் கொட்டினார். என்னுடைய நாலையும், அந்த அரையையும் பக்கத்தில் கொட்டச் சொன்னார். அவருடையதைவிட என்னுடைய குவியல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. என் மனைவி அந்தக் குவியல்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டப்பாவை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் மூலையில் ஒரு சின்னப் படம். ஒரு ஸ்பூன், அதன் தலையைத் தட்டும் ஒரு கத்தி. மடியில் வைத்துக் கொண்டுவந்த டப்பாவைப் பார்த்தோம். அதிலும் இருந்தது. இத்தனை டப்பாக்களில் எழுத்தை எல்லாம் படித்தவன், படத்தைப் பார்க்கவில்லை.

"அட, இப்டி ஒரு படம் இருக்குதா? எனக்கும் தெரியாது மாப்ள" என்றார் மாமனார்.

கடலூர் டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அவ்ளோ கெட்டியாக் குடுத்தா புள்ளைக்குத் தண்ணிச் சத்து எங்கேருந்து கெடைக்கும்? இறுகாம என்ன செய்யும்? நானும் உங்கள ஸ்பூனப் புடிச்சிக் காட்டச் சொல்லிருக்கணும். அந்தப் பழைய டப்பாவே போதும், தலதட்டிப் போடுங்க. நாளைக்குக் காலையில கொண்டாந்து காட்டுங்க" என்றார்.

போனை வைத்ததும் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மாமனார் மாமியார் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். என் மனைவிக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "ஊரே உங்களத் தாராளக் கைன்னு சொல்லும். அந்தத் தாராளமெல்லாம் எம்புள்ள வயித்துல போயி உக்காந்துருக்கு" என்று சிரித்தாள். சிரித்தபடியே என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதால் மாமனார் அனுப்பச் சம்மதித்தார். "ஒரு வாரம் பாப்போம் மாப்ள. அடுத்த ஞாயித்துக்கெழம நானே வர்றேன். சரியாவலன்னா அழைச்சிட்டு வந்துருவேன்" என்றார்.

டாக்டர் பிள்ளையைச் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் தலைதட்ட ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள், கத்தி இழுத்துப் பவுடர் கீழே விழும்போதெல்லாம் பிள்ளை வாயிலிருந்து பிடுங்குவதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஆபீஸில் வந்து உட்கார்ந்த நேரம் மனைவி போன் செய்தாள். "ஏங்க, போயிட்டா! மஞ்சளா, களிம்பு மாதிரி! அழவே இல்லங்க, சிரிச்சிக்கிட்டே போனா!"

நான் எழுந்து நின்று கையைத் தட்டிவிட்டேன். பேக்கரிக்கு ஓடி ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிவந்து மேசை மேசையாக நீட்டினேன். "என்ன சார், பிரமோஷனா?" என்றார்கள். "எம்பொண்ணு ஆய் போயிட்டா" என்றேன். சிலர் எடுத்த கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்துக்கொண்டே தின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாமனார் வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய காலிப் பை.

"பை எதுக்கு மாமா?"

"பாப்பா துணிமணி எடுத்துட்டுப் போவத்தான்."

அவர் எதிரிலேயே பால் கலந்தேன். ஒவ்வொரு ஸ்பூனையும் தலைதட்டினேன், அவர் கண்கொட்டாமல் பார்த்தார். பிள்ளை குடித்து முடித்து ஒரு ஏப்பம் விட்டாள். அவர் அவளை வாங்கி மடியில் போட்டு, வயிற்றை இரண்டு விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். கூச்சத்தில் கிளுக்கென்று சிரித்தாள்.

"பஞ்சாட்டம் இருக்குதே" என்றார். பையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இங்கயே இருக்கட்டும் மாப்ள. பைய ஏன் சும்மா எடுத்துட்டுப் போவணும்? ஊரு முந்திரி இருந்தாப் போடுங்க."

நான் உள்ளே ஓடிப் படியை எடுத்தேன். பின்னாலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"மாப்ள, அத மட்டும் தலதட்டிடாதீங்க!"